நோயாளியின் கட்டிலருகே நம் பணம்

கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் கப்பலில் பங்கு வைத்திருந்த நம் முன்னோர்க்குத் தம் பணம் எங்கே போகிறது என்பது கண்ணாரத் தெரிந்திருந்தது. கப்பலைச் செலுத்தும் நகுதா யார், ஏற்றிய சரக்கு என்ன, எந்தப் பருவக்காற்றில் பாய் விரிக்கும் என்பனவற்றை அறிந்தே அவர்கள் பணத்தை எடுத்துக் கொடுத்தனர். கப்பல் திரும்பினால் ஆதாயத்தில் பங்கு உண்டு. மூழ்கினால் பணம் கொடுத்தவருக்குப் பணம் போயிற்று; உடன் சென்றவருக்கு உழைப்புப் போயிற்று. இரு சாராரும் ஒரே கடலை அஞ்சினர்.

அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் துபாயிலும் ஊதியம் ஈட்டுகின்றனர். சிதம்பரத்தில் இருந்துகொண்டே கைப்பேசியைத் தடவி, கலிபோர்னியாவிலுள்ள ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குகின்றனர். இந்தியாவில் வாழும் ஒருவர் ஆண்டொன்றுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு போகும் பணத்தில் ஒரு பகுதி, அறுவைச் சிகிச்சைக்கான இயந்திரக் கைகளைச் செய்யும் நிறுவனங்களின் பங்குகளாகவும் மாறுகிறது. “மதுவில்லை, சூதில்லை, மனித உயிரைக் காக்கும் தொழில்தானே? இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?” என்று வாங்குகிறவர் வினவலாம். கேட்பதற்கு நிரம்ப இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இயந்திரமும் அதன் வரலாறும்

‘ரோபோ’ என்ற சொல்லை உலகிற்குத் தந்தவர் செக் நாட்டு நாடக ஆசிரியர் காரெல் சாப்பெக். 1920இல் வெளியான அவரது நாடகத்தில் வரும் அச்சொல், கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. அறுவைக் கூடத்து ரோபோவோ தானாக எதையும் செய்வதில்லை. மருத்துவர் சில அடி தொலைவில் ஒரு மேடைமுன் அமர்ந்து, நோயாளியின் உடலுள் இருப்பதை முப்பரிமாணத்தில் பெரிதாகக் காண்கிறார். அவர் விரலசைவை இயந்திரம் வாங்கி, சிறு துளைகள் வழியே உள்ளே சென்றிருக்கும் நுண்கருவிகளுக்குக் கடத்துகிறது. கை நடுக்கம் வடிகட்டப்படுகிறது. மணிக்கட்டுப்போல் வளையும் கருவி, விரல் நுழைய முடியாத இடத்திலும் தையலிடுகிறது. அறிவும் முடிவும் மருத்துவருடையவை. கை மட்டுமே எஃகு.

1985இல் கலிபோர்னியாவில், மூளையிலிருந்து திசுவை எடுக்கும் ஊசியைத் துல்லியமாக நிறுத்துவதற்குத் தொழிற்சாலைக்கென அமைந்த ஓர் இயந்திரக் கையைப் பயன்படுத்தினர். பத்தாண்டுகள் கழித்து, 1995இல், இன்டியூட்டிவ் சர்ஜிகல் என்ற நிறுவனம் தோன்றியது. அதன் ‘டாவின்சி’ இயந்திரத்திற்கு 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் அதன் பங்குகளும் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. 2001 செப்டம்பர் 7ஆம் நாள், நியூயார்க்கில் அமர்ந்த மருத்துவர் ஜாக் மாரெஸ்கோ, கடலுக்கு அப்பால் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கிடந்த பெண்மணி ஒருவரின் பித்தப்பையை இயந்திரத்தின் வழியே அகற்றினார். அவ்வியந்திரத்தைச் செய்த போட்டி நிறுவனம் 2003இல் இன்டியூட்டிவுடன் இணைந்துவிட்டது. 2024 முடிவில் உலகெங்கும் ஏறத்தாழ 9,900 டாவின்சி இயந்திரங்கள் மருத்துவமனைகளில் நிறுவப்பட்டிருந்தன.

நம் மாநிலத்தில் 2022இல், சென்னை ஓமந்தூரார் வளாகத்து அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில், சுமார் 35 கோடி ரூபாய்ச் செலவில் இத்தகைய சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. இந்தியாவிலேயே இயந்திரம் செய்யும் முயற்சியும் உண்டு. இதய அறுவை வல்லுநர் சுதிர் ஸ்ரீவஸ்தவா தோற்றுவித்த எஸ்.எஸ். இன்னோவேஷன்ஸ் என்ற நிறுவனம், ‘மந்த்ரா’ என்னும் இயந்திரத்தைக் குருகிராமில் உருவாக்கி, குறைந்த விலையில் கொடுக்க முனைந்துள்ளது. ஆயினும் அதன் பங்குகள் விற்கப்படுவது நியூயார்க்கில். 2025இல் அவை நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றன.

நோயில் ஊதியம் தகுமா?

முதற் கேள்வி பழமையானது. பிறர் நோயுறுவதால் நமக்கு ஆதாயம் வருவது தகுமா? மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது கொடுமையாகத் தோன்றும். எனினும் ஊரிலுள்ள மருத்துவர் கட்டணம் பெறுகிறார். மருந்துக் கடைக்காரர் விலை பெறுகிறார். பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சியும் கூலி பெற்றே வந்தாள். அவர்கள் நோயை விற்பதில்லை. நோய்க்கெதிரான உழைப்பை விற்கிறார்கள். இயந்திரத்திற்கும் இதே நியாயம் பொருந்தும். பல்லாண்டு ஆராய்ச்சிக்கு ஒருவர் பணம் போட்டிராவிடில் அக்கருவி பிறந்திராது. இழப்பை ஏற்றுக் காத்திருந்தவர், பயனில் பங்கு கேட்பது அநியாயமாகாது.

ஆயினும் கூலிக்கும் சுரண்டலுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. சந்தையில் துணி வாங்குபவன் விலை பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவான். கட்டிலில் கிடப்பவன் எங்கே எழுந்து போவான்? பேரம் பேச முடியாதவனிடம் வியாபாரம் செய்கிறவர்க்குப் பொறுப்புக் கூடுகிறது. இக்கோட்டை மனத்தில் வைத்தே மற்றக் கேள்விகளைக் கேட்டல் வேண்டும்.

கணக்கில் அடங்கும் கேள்வி

மார்க்கப் பற்றுள்ளோர் உடனே கேட்பது வட்டியைப் பற்றி. இதற்கெனச் சில அளவுகோல்கள் வகுக்கப்பட்டுள்ளன. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்லாமிய நிதிக் கணக்கியல் அமைப்பின் விதிப்படி, ஒரு நிறுவனத்தின் தொழில் ஆகுமானதாக இருத்தல் வேண்டும். வட்டிக்கு வாங்கிய கடன் அதன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டை எட்டலாகாது. வட்டிக்குப் போட்ட பணத்திற்கும் அதே அளவுதான் எல்லை. ஆகாத வழி வருவாய் மொத்த வருவாயில் 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது. அந்தச் சிறு பகுதியையும் பங்குதாரர் தம் கணக்கிலிருந்து கழித்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இன்டியூட்டிவ் நிறுவனத்திற்குக் கடன் சுமை இல்லை எனலாம். ஆனால் அதனிடம் கையிருப்பு மிகுதி. 2024 முடிவில் 800 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை அது ரொக்கமாகவும் கடன் பத்திரங்களாகவும் வைத்திருந்தது. அப்பத்திரங்கள் வட்டி ஈட்டுகின்றன. அந்நிறுவனம் இலாப ஈவு கொடுப்பதில்லை. பங்கை விற்கும்போதே ஆதாயம் கைக்கு வரும். “எனக்கு ஈவே வரவில்லையே, வட்டி எங்கிருந்து வந்தது?” என்று சிலர் மகிழ்ந்துகொள்வர். ஈவு வராவிட்டாலும் வட்டியால் பெருத்த செல்வம் பங்கின் விலையில் கலந்தே இருக்கிறது. தம் பங்குக்கு உரிய வட்டி எவ்வளவு என்பதை ஆண்டறிக்கை கொண்டு கணக்கிட்டு விலக்குவதே நேர்மை. விற்று ஆதாயம் காணும் நோக்கோடு வைத்திருக்கும் பங்குகளின் சந்தை மதிப்பில் இரண்டரை விழுக்காடு ஜகாத் கொடுப்பதும் தனிக்கடமை.

இவையெல்லாம் தாளும் எழுதுகோலும் கொண்டு முடித்துவிடக் கூடிய கேள்விகள். முடித்ததும் பலர் மனநிறைவோடு எழுந்துவிடுகின்றனர். மெய்யான கேள்வி அதன் பிறகே தொடங்குகிறது.

ஊதியம் எங்கே பிறக்கிறது?

இந்நிறுவனம் இயந்திரத்தை விற்றுப் பிழைக்கிறது என்றே நாம் எண்ணுவோம். கணக்கு வேறு சொல்கிறது. 2024இல் அதன் வருவாய் ஏறத்தாழ 835 கோடி டாலர். இதில் ஆறில் ஐந்து பங்கு, ஒருமுறை விற்றதோடு முடியாமல் மீண்டும் மீண்டும் வருவது: கருவி முனைகள், உதிரிப் பொருள்கள், பராமரிப்பு, வாடகை என. கருவியின் முனை ஒவ்வொன்றிலும் எத்தனை முறை பயன்பட்டது என எண்ணும் மின்னணுச் சில்லு பொதிந்திருக்கிறது. குறித்த எண்ணிக்கை முடிந்ததும் இயந்திரம் அம்முனையை ஏற்காது. புதியது வாங்கியாக வேண்டும். நெடுங்காலம் பல முனைகளுக்குப் பத்து முறை என்பது எல்லையாக இருந்தது. 2020இல் சில முனைகளுக்கு அது உயர்த்தப்பட்டது.

நிறுவனத்தின் பக்கத்தையும் கேட்போம். முனையை இயக்கும் மெல்லிய கம்பிகள் தேய்வன. நோயாளியின் வயிற்றினுள் ஒரு கம்பி அறுந்தால் யார் பொறுப்பு? ஆகவே எல்லை வேண்டும் என்பது அவர்கள் வாதம். பயன்படுத்திய முனையைச் சீர்செய்து மீண்டும் விற்க முயன்ற வேறு நிறுவனங்கள், இது பாதுகாப்பன்று, போட்டியைத் தடுக்கும் வேலி என்று அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்காடின. 2025 ஜனவரியில் அத்தகைய வழக்கொன்றில் இன்டியூட்டிவ் நிறுவனத்திற்குச் சார்பாகவே கீழ் நீதிமன்றம் முடிவு கூறிற்று. சட்டத்தின் தீர்ப்பு நீதிபதியிடம். பங்குதாரர்க்கோ இன்னொரு தீர்ப்பு எஞ்சுகிறது. வேலி உயர உயரப் பங்கின் விலையும் உயரும் என்றால், வேலி உயர்வதை என் மனம் விரும்புகிறதா?

இவ்விடத்தில் குர்துபா நகரத்து அஸ்ஸஹ்ராவியை நினைவுகூர்தல் பொருந்தும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மருத்துவர் ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ என்னும் முப்பது பகுதிகள் கொண்ட நூலை எழுதினார். அறுவை முறைகளைக் கூறும் இறுதிப் பகுதியில், சுமார் இருநூறு கருவிகளின் வடிவங்களை வரைந்து வைத்தார். கைதேர்ந்த கொல்லன் எவனும் அப்படத்தைப் பார்த்து அக்கருவியை அடித்துவிடலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது இலத்தீனுக்குப் பெயர்ந்து ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடமாயிற்று. அவர் காலத்துக் கருவியும் இன்றைய இயந்திரமும் ஒரே அளவு செலவில் பிறப்பன அல்ல. காப்புரிமையே கூடாது என்று வாதிடவும் இதைக் கொண்டு வரவில்லை. அறிவைத் திறந்து வைப்பதும் மருத்துவ மரபின் ஒரு பாதி என்பதை மறவாதிருக்கவே இதைக் கூறுகிறோம்.

தேவையும் விற்பனையும்

மற்றொன்று, இயந்திரம் எல்லா இடத்திலும் மேலானதா என்பது. சுக்கிலச் சுரப்பிப் புற்றுநோய் போன்ற குறுகிய இடத்து அறுவையில் அது பெரும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. சிறு துளை, குறைந்த இரத்த இழப்பு, விரைவில் வீடு திரும்புதல் ஆகியன மெய்யான நன்மைகள். ஆனால் மலக்குடல் புற்றுநோய்க்கு இயந்திரத்தையும் சாதாரணத் துளைவழி முறையையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், வயிற்றைத் திறந்து செய்யும் நிலைக்கு மாற நேரும் அளவில் உறுதியான வேறுபாடு தென்படவில்லை.

2018இல் வெளியான இன்னொரு ஆய்வு மருத்துவ உலகையே நிறுத்தி யோசிக்க வைத்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய் தொடக்க நிலையில் உள்ள 631 பெண்கள் அதில் இடம்பெற்றனர். வயிற்றைத் திறந்து அறுவை செய்யப்பட்டோரில் நாலரை ஆண்டுகளுக்குப் பின் நோய் மீளாமல் வாழ்ந்தோர் 96.5 விழுக்காட்டினர். துளைவழிச் சிகிச்சை பெற்றோரில் அது 86 விழுக்காடே. இரண்டாம் பிரிவினரில் ஒரு சிறு பகுதியினர்க்கே இயந்திரம் பயன்பட்டது. ஆகவே பழியை இயந்திரத்தின் தலையில் மட்டும் போடுவது தவறு. எனினும் 2019 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய்களுக்கு இயந்திர அறுவையின் பாதுகாப்பும் பயனும் நிலைநாட்டப்படவில்லை என்று எச்சரித்தது.

இத்தகைய செய்தி வரும் நாளில் நோயாளியின் நலனும் பங்குதாரரின் நலனும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. செய்தி பரவினால் ஒரு தாய் பிழைப்பாள். பங்கின் விலை சரியலாம். அச்செய்தியைப் படிக்கும்போது நம் நெஞ்சில் முதலில் எழுவது எது? ஓர் உயிர் காக்கப்பட்டதே என்ற ஆறுதலா, விற்றுவிட வேண்டுமே என்ற பதைப்பா? பங்கு வாங்குமுன் ஒவ்வொருவரும் தம்மிடம் தனிமையில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

பத்துப் பங்கு வைத்தவரின் பொறுப்பு

“என்னிடம் இருப்பது பத்துப் பங்கு. நான் சொல்லி எந்த நிறுவனம் கேட்கப் போகிறது?” என்பர். உண்மையே. ஆனால் அதிகாரம் குறைவதால் உறவு அற்றுவிடாது. கடலூர் சிப்காட் பகுதியைக் கடந்து சென்றவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆலைகளின் நாற்றத்தைக் குடிகாடும் ஈச்சங்காடும் பல்லாண்டுகள் சுவாசித்தன. பங்குதாரர் பலரோ தொலைநகரங்களில் இருந்து ஈவை மட்டும் பெற்றனர். அவர்களிடம் அவ்வூரார் எதை எதிர்பார்த்திருப்பர்? ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லாமல் இருப்பதையாவது எதிர்பார்த்திருப்பர் அல்லவா? நாம் பிறரிடம் எதிர்பார்த்ததைப் பிறர் நம்மிடம் எதிர்பார்ப்பது முறையே.

இதற்கு நேர் எதிரான ஒரு மயக்கமும் உண்டு. “மருத்துவ நிறுவனத்தின் பங்கை வாங்கினேன், உயிர்காக்கும் பணிக்கு என்னால் ஆனது” என்று சிலர் பெருமை கொள்வர். சந்தையில் நாம் வாங்கும் பங்கு ஏற்கெனவே வேறொருவர் வைத்திருந்தது. நம் பணம் அவர் கைக்கே போகிறது. நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்திற்கு அதிலிருந்து ஒரு காசும் போவதில்லை. நிறுவனமே புதிதாகப் பங்கு வெளியிடும்போது மட்டும் நிலை வேறு. ஆதலின் பங்கு வாங்கியதால் எந்த நோயாளியும் நமக்குக் கடன்பட்டவர் ஆகிவிடவில்லை. நாமோ, விலை ஏறும்போது, மருத்துவமனைகள் கட்டும் விலையிலிருந்து பயன் பெறுகிறோம். நன்மையில் நம் பங்கு மிகச் சிறிது. பயனில் நம் பங்கு மெய்யானது. ஆகவே இதனை வியாபாரம் என்று அழைப்போம். வியாபாரம் இழுக்கில்லை, வியாபாரத்திற்குத் தருமம் என்று பெயர் சூட்டுவதே இழுக்கு.

பரங்கிப்பேட்டை சொல்லும் பாடம்

வியாபாரம் என்றால் இழப்பும் அதன் உடன்பிறப்பு. மகமூது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் பெயர் கொண்ட நம் பரங்கிப்பேட்டையில், 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அக்காலத்தின் புதிய தொழில் ஒன்றைத் தொடங்கினார். சேலத்திலிருந்து இரும்புத் தாது வந்தது, காடுகள் கரியாயின. இங்கிலாந்து வரை இரும்பு சென்றது. 1839இல் உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு ஹீத் காப்புரிமையும் பெற்றார். அம்முறையால் ஷெஃபீல்டு ஆலைகள் கொழித்தன. அவரோ வழக்கில் அலைந்து, பயன் காணாமலேயே 1851இல் மறைந்தார். ஆலையும் அந்நூற்றாண்டிலேயே மூடப்பட்டது. நல்ல தொழில்நுட்பம் வேறு, நல்ல முதலீடு வேறு என்பதற்கு வெளியூரில் சான்று தேட வேண்டாம்.

அறுவை இயந்திரத் துறையிலும் இது நடந்திருக்கிறது. டிரான்ஸ்என்டெரிக்ஸ் என்ற நிறுவனத்தின் இயந்திரத்திற்கு 2016இல் அமெரிக்க அனுமதி மறுக்கப்பட்டது. பின்னர் அசென்சஸ் எனப் பெயர் மாறிய அதனை, 2024இல் ஜெர்மானிய நிறுவனம் ஒன்று பங்குக்கு 35 சென்ட் வீதம் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆதாயத்தை அனுபவிப்பவன் இழப்பையும் தாங்க வேண்டும் என்பது நம் வணிகச் சட்டத்தின் அடித்தளம். ஆகவே பெண்ணின் திருமணத்திற்கு வைத்த பணம், வீட்டிலுள்ள முதியவரின் மருத்துவத்திற்கு வைத்த பணம், கடனாகப் பெற்ற பணம் இவற்றைக் கொண்டு இக்கடலில் இறங்குதல் கூடாது. “மாதந்தோறும் இவ்வளவு நிச்சயம்” என்று கூறி ஊரில் பணம் திரட்டுபவர் விற்பது பங்காக இருக்க முடியாது. நிச்சயம் என்ற சொல் வரும் இடத்தில் பங்கு என்பது இல்லை.

இரண்டு பைகள்

சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் கண்ட பல்கலைக்கழகத்தின் வளாகத்தில், 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தோன்றியது. மாணவரின் நீண்ட போராட்டத்தின் பின், 2021இல் அது அரசின் சுகாதாரத் துறையின்கீழ்க் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. ஒரு கொடையாளரின் செல்வத்தில் வேரூன்றி, மக்களின் வரிப்பணத்தில் நிற்கும் நிறுவனம் அது. லால்பேட்டையிலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் கட்டில் தேடி வரும் ஏழைக்குப் பல வேளைகளில் தேவைப்படுவது எஃகுக் கை அன்று. காலத்தே நோயறிதல், ஒரு குப்பி இரத்தம், துணைக்கு வந்தவருக்கு உணவு, மறுமுறை வரப் பேருந்துக் கட்டணம். இவற்றை எந்தப் பங்குச் சந்தையும் விற்பதில்லை.

இதனை நம்மவர் முன்பே அறிந்திருந்தனர். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பிய மருத்துவமனை, வக்ஃபு சொத்துகளின் வருமானத்தால் நடந்தது. கடைகளும் விடுதிகளும் வியாபாரம் செய்தன. அவற்றின் ஆதாயம் நோயாளியின் கட்டிலுக்குப் போயிற்று. வியாபாரம் ஒரு பையில், கட்டில் மற்றொரு பையில். முதற்பை இரண்டாம் பையை நிரப்பிற்று. இரண்டையும் ஒன்றெனக் குழப்பியவர் இல்லை.

இயந்திர அறுவை நிறுவனத்தில் பங்கு வாங்க விரும்பும் இளைஞரைத் தடுக்க நமக்கு நியாயம் இல்லை. வட்டிக் கணக்கைப் பார்க்கட்டும். அது விலக்க வேண்டியதை விலக்கட்டும். ஆண்டறிக்கையில் இலாபத்தைப் படிக்கும் கண், மருத்துவ ஆய்வின் முடிவையும் படிக்கட்டும். நோயாளிக்கு நல்லதாக வரும் செய்தியைத் தன் நட்டமாக எண்ணாத நெஞ்சு தனக்கு உண்டா என்று பார்க்கட்டும். இல்லையேல் வேறு தொழிலில் பணத்தைப் போடட்டும். ஆதாயம் வந்தால், ஜகாத்தோடு நிறுத்தாமல், அதில் ஒரு பங்கைத் தன் ஊரிலிருந்து சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் போகும் நோயாளிகளுக்கென்று தனியே ஒதுக்கட்டும். ஐந்தாறு குடும்பங்கள் இணைந்தால் ஒரு பைத்துல்மால் இதை எளிதில் செய்துவிடும்.

கப்பலில் பங்கு வைத்த முன்னோர் கரையில் நின்று கடலைப் பார்த்தனர். நம் கப்பல் போகும் கடல் கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே ஒரு மனிதர் மயக்கத்தில் கண்மூடிக் கிடக்கிறார். அவர் நம்மை அறியார். அவரை நாம் அறிந்தவர்போல் நடந்துகொள்வதே இம்முதலீட்டின் ஒழுக்கம்.